எத்தனை மாசம் என்று கேட்ட வாய்

வாயால் சொல்ல வேண்டிய கதையை எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கால் மணி நேரம் தொடர்ந்து பேசினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பழைய ஞானம் டீச்சராக இருந்திருந்தால், இந்நேரம் நீங்கள் எழுந்து போகவும் வழியில்லாமல், குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்லாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தப்பித்தீர்கள்.

குழித்துறைக்குத் தெற்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாத்திச்சி. ஒரே கூடம், நடுவில் சுவர் கிடையாது, மூன்று வகுப்பு. பக்கத்து வகுப்பின் சத்தத்துக்கு மேல் என் சத்தம் எழும்ப வேண்டும், எழும்பும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். என் வீட்டுக்காரர் மலையில் தோட்ட வேலைக்குப் போய்க் காய்ச்சலில் இறந்தபிறகு, எனக்குச் சோறு போட்டது இந்தத் தொண்டை ஒன்றுதான். பிள்ளை குட்டி கிடையாது. அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்தேன்.

ஒரு ஆடி மாதம் குரல் கம்மியது. சுக்கு, துளசி, ஆடாதோடை, பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. வைத்தியர் ஆசான் சளி என்றார். ஐப்பசியில் காற்று மட்டும்தான் வந்தது. எழுத்தைக் கரும்பலகையில் எழுதிக் குச்சியால் தட்டித் தட்டிப் பாடம் நடத்தினேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பள்ளிக்கூட மானேஜர் ஒருநாள் வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார். வேலை போய்விடும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. மறுநாளே அண்ணன் வில்வண்டி பிடித்து, துணைக்கு மைனியையும் ஏற்றி, என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மைனி என்பது என் அண்ணன் மனைவி எஸ்தர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிந்தது முதல் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஜெபம், அப்புறம் உபதேசியாரின் பிரசங்கம், அதற்கும் அப்புறம்தான் டாக்டர். உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது. அலுத்தால் நான் என்ன செய்வேன்? பேசுவேன். எனக்கு எதிரே பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்து, கை கால் குச்சியாக இருந்தது. வயிறு மட்டும் முன்னே தள்ளியிருந்தது. பக்கத்தில் தாயார்.

"எத்தனை மாசம் மக்கா? எட்டா, ஒம்பதா?" என்று கேட்டேன். கம்மிய குரலை முக்கி எழுப்பியதில், அது வராந்தா முழுக்கக் கேட்டது.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தாயார் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எனக்க மருமவன் கொளும்புக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. இது வயித்துல கட்டியாக்கும். ஊருல கேட்டவங்க போதாதுன்னு இங்க வந்து நீங்க ஒருத்தி கேக்கணுமா?"

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் விரலை மடக்கிக் கணக்குப் போடுவதையும் கண்டேன். பெண்ணின் கண்ணிலிருந்து நீர் மடியில் விழுந்தது. "ஞானம், உனக்க வாயி" என்று மைனி என் முழங்கையைக் கிள்ளினாள். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் ஒரு துரை. எங்கள் தமிழை வேதப்புத்தகத்தில் படித்தவர் போலப் பேசுவார். நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். குமட்டிக்கொண்டு வந்தது. சளியை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி உள்ளே அனுப்பினார்கள். அது எதற்கென்று எனக்குத் தெரியும். சயரோகமா என்று பார்ப்பதற்கு. சயரோகம் என்றால் பள்ளிக்கூடம் கிடையாது, அண்ணன் பிள்ளைகளைத் தொடக்கூடாது, தனிப் பாய், தனிக் கோப்பை. பதில் வர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் மைனி தன் கோப்பையிலேயே எனக்கும் காப்பி தந்து, நான் குடித்த மிச்சத்தை என் கண் முன்னாலேயே குடித்தாள். வேண்டாம் என்று தடுத்தால், "போடி அங்கிட்டு" என்றாள்.

சயரோகம் இல்லை. குரல் எழும்புகிற இடத்தில் இரண்டு நாண்கள் உண்டாம். பேசும்போது ஒன்றோடொன்று உரசுமாம். அதில் ஒன்றின் விளிம்பில் நெல்மணி அளவு சதை வளர்ந்திருந்தது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தடவி, என்னை நாற்காலியில் உட்கார வைத்தபடியே, வளைந்த இடுக்கியால் டாக்டர் அதை எடுத்தார். எடுத்ததைக் காட்டவும் செய்தார். இத்துனூண்டு. இதற்குத்தானா இத்தனை பாடு என்று தோன்றியது.

பாடு அதற்கப்புறம்தான் இருந்தது.

"நாற்பது நாள் நீர் பேசக்கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. முணுமுணுத்தாலும் நாண் உரசும். புண் ஆறுமுன்னே பேசினால் மறுபடியும் சதை வளரும், அல்லது தழும்பு இறுகிப்போகும். பின்பு குரல் வருமென்று நான் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்பினால் நான் பேசிவிடுவேன் என்று மைனியே சொல்லிக் கொடுத்துவிட்டாள். நாற்பது நாளும் மைனி துணையோடு ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். கழுத்தில் ஒரு சிலேட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

பெண்கள் வார்டில் என் அடுத்த கட்டில் யாருடையது? அந்தப் பெண்ணுடையதேதான். பெயர் தங்கம். மண்டைக்காட்டுப் பக்கத்து ஊர். தாயார் நாகம்மை. சூல்பையில் நீர்க்கட்டி, அறுத்து எடுக்க வேண்டும். ஆனால் உடம்பில் இரத்தமே இல்லை, கொக்கிப்புழு உறிஞ்சிவிட்டது, ஒரு மாதம் மருந்து கொடுத்துத் தேற்றித்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக ஒரு மாதமும் மூன்று முழ இடைவெளியில் நாங்கள். அன்று நான் கேட்டது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சிலேட்டில் எழுதி நீட்டினேன். நாகம்மைக்கும் எழுத்துத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. நாகம்மை சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மகளை மறுபக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னாள்.

மைனியை வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றியது, ஆனால் மன்னிப்பை இன்னொருத்தி வாயால் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. என் வாய் செய்ததை என் வாய்தான் தீர்க்க வேண்டும் என்று வீம்பு. பேச்சு வந்ததும் முதல் வார்த்தை இவளுக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

பேசாதிருப்பது எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். முதல் வாரம் பைத்தியம் பிடிக்கும். கஞ்சியில் உப்பில்லை என்று சொல்ல முடியாது. எதிர்க்கட்டில் கிழவி கிழக்கு எது என்று தப்பாகச் சொன்னால் திருத்த முடியாது. இரண்டாவது வாரம், காது கூர்மையாகும். தங்கம் எப்போது தூங்குகிறாள், எப்போது தூங்குவதாக நடிக்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது. அவள் பயந்துகொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து நானும் பயந்தேன்.

முப்பத்தோராம் நாள் காலையில் அவளுக்கு ஆப்பரேஷன் என்று குறித்தார்கள். முந்தின நாள் மாலையே அன்னம்மை நர்ஸ் வந்து விளக்கமாகச் சொன்னாள். அன்னம்மை கோட்டயம் பக்கத்துக்காரி. தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுத்து மட்டும் மலையாளம்தான் தெரியும்.

"ராத்திரி எட்டு மணிக்கப்புறம் ஒண்ணும் குடுக்கப்பிடாது கேட்டியளா? பச்சத் தண்ணிகூட. குளோரோபாம் மணக்க வச்சு மயக்கும்போ வயித்துல எதாவது கிடந்தா மேல வரும். வந்து மூச்சுக்குழல்ல இறங்கிச்சுன்னா அங்கினயே உயிரு போவும்."

நாகம்மை இரண்டு கையையும் கூப்பி, "தர மாட்டேன் அம்மா. எனக்க மவளுக்க உயிரில்லியா?" என்றாள். பொய்யில்லை, மனதாரச் சொன்னாள். இரவு முழுவதும் மகள் தண்ணீர் கேட்டும் கொடுக்கவில்லை.

விடியற்காலையில் நாகம்மையின் தம்பி வந்தார். மண்டைக்காட்டு அம்மன் கோயிலிலிருந்து நடந்தே வந்திருந்தார். கையில் வாழையிலைப் பொதி. பிரித்ததும் வெல்லமும் பச்சரிசி மாவும் வெந்த வாசனை. மண்டையப்பம். தலைவலிக்கு நேர்ந்துகொண்டு அம்மனுக்குப் படைப்பது. எந்த நோய்க்கும் அங்கே அதுதான் நேர்ச்சை. நாகம்மை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிட்டு மகள் வாயில் வைத்தாள்.

"அம்மே, நர்சம்மா ஒண்ணும் தின்னப்பிடாதுன்னாங்களே?"

"ஏட்டி, இது தீனியா? அம்மைக்க பிரசாதமாக்கும். வேண்டாம்னு சொன்னா அம்மை என்ன நெனைப்பா? முழுசும் தின்னு. மிச்சம் வைக்கப்பிடாது."

தங்கம் தின்றாள். பசி வேறு. அப்பம் முழுவதையும் தின்றாள். தொண்டை விக்கியதும் தாய்மாமன் கொண்டுவந்த இளநீரையும் குடித்தாள். கடைசி வாய்க்கு நிமிர்ந்தபோது, நான் விழித்துக்கொண்டு பார்ப்பதைக் கண்டாள். அப்படியே மெல்லுவதை நிறுத்தினாள்.

நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நர்ஸ் கேட்கும்போது அந்தப் பெண்ணே சொல்லிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் ஏதாவது செய்யப்போனால், வேதக்காரி அம்மன் பிரசாதத்தைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஆகும் என்றும் சொல்லிக்கொண்டேன். ஒருமுறை அழவைத்தது போதாதா என்றும் தோன்றியது. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. அரைமணி நேரம் அந்த நியாயங்களோடு படுத்திருந்தேன்.

அன்னம்மை தள்ளுகட்டிலோடும் இரண்டு ஆட்களோடும் வந்தாள்.

"ஒண்ணும் தின்னல்லியே?"

"ஒண்ணும் தின்னல்ல அம்மா" என்றாள் நாகம்மை. முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. பிரசாதம் அவளுக்குத் தின்பண்டக் கணக்கிலேயே இல்லை. தங்கம் தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தானாகவே தள்ளுகட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

சிலேட்டை எடுத்து, 'அவள் சாப்பிட்டிருக்கிறாள்' என்று எழுதி அன்னம்மையின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவசரத்தில், அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதே மறந்துபோயிற்று. தினமும் காலையில் மற்ற நர்சுகளுக்கு நான் ஒரு வேதவசனம் எழுதிக் காட்டுவது வழக்கம். அதையே எழுதியிருக்கிறேன் என்று அவள் நினைத்தாள்.

"ஆமாம் டீச்சர், ஜெபிச்சுக்கிடுங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுக் கட்டிலைத் தள்ளினாள். சேலையைப் பிடித்து இழுத்தேன். வாயைக் காட்டினேன், வயிற்றைக் காட்டினேன். "பசிக்குதா? மைனி காப்பி கொண்டுவருவாங்க" என்றாள். மைனி சமையல் கொட்டகையில் இருந்தாள். தமிழ் வாசிக்கத் தெரிந்த வேறு ஒருவரும் அங்கே இல்லை.

தள்ளுகட்டில் முற்றத்தைத் தாண்டிப் போயிற்று. செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினேன். நான் போவதற்குள் ஆப்பரேஷன் அறைக் கதவு சாத்தியாயிற்று. இடுக்கு வழியாகக் குளோரோபாம் வாசனை தித்திப்பாக வந்தது. கதவருகே கம்பவுண்டர் நின்றார். சிலேட்டை நீட்டலாமென்றால், ஓடின ஓட்டத்தில் எழுத்தெல்லாம் சேலையில் அழிந்துபோயிருந்தது. பலப்பம் எங்கேயோ விழுந்திருந்தது. கதவை இரண்டு கையாலும் தட்டினேன். கம்பவுண்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரம்மா, உள்ள ஆள மயக்குறாங்க, சத்தம் போடப்பிடாது" என்றார்.

உள்ளே டாக்டர் துரை எண்ணச் சொல்வது கேட்டது. தங்கத்தின் குரல், "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

கர்த்தாவே, எனக்கு இருந்தது அந்தக் குரல் ஒன்றுதானே. வயசான காலத்துக்கும் அதுதானே எனக்குச் சோறு. இதெல்லாம் நினைத்தேன் என்று எழுத ஆசைதான், ஒன்றையும் நினைக்கவில்லை. "நாலு" என்கிற சத்தம் வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"அவ தின்னுருக்கா! மயக்காதீங்க! தின்னுருக்கா!"

வகுப்பில் மூன்று கூட்டத்துக்கு மேல் எழும்புகிற குரல் அப்படியே வந்தது. தொண்டைக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது, சூடாக.

கதவு திறந்தது. டாக்டர், தங்கத்தின் மூக்கில் வைத்த துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, அவள் தலையைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டார். அதே நிமிடத்தில் அவள் வாந்தி எடுத்தாள். இளநீரும் மாவும் தரையில் கொட்டின. இரண்டு முறை மூச்சு அடைத்து முகம் நீலம் பாரித்தது. டாக்டர் விரலை விட்டு வழித்து எடுத்தார். அப்புறம் அவள் இருமினாள். இருமிக்கொண்டே அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் வெளியே வந்தார். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "யார் கொடுத்தது? என்ன கொடுத்தது?"

நாகம்மை முற்றத்தில் நின்றாள். அவள் கண் டாக்டரிடம் இல்லை, என்னிடம் இருந்தது.

அவள் கண் ஏன் என்னிடம் இருந்தது என்று எனக்குப் புரிந்தது. விதியை மீறிய துணையாளை அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். மகள் தனியாகக் கிடப்பாள். பிரசாதம் என்று தெரிந்தால் அதோடும் நிற்காது. மறுநாள் காலை வராந்தாவில் உபதேசியாருக்கு அதுதான் பிரசங்கம். இவளை வைத்துக்கொண்டே, பார்த்தீர்களா உங்கள் தெய்வம் செய்த வேலையை என்று கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? அவருக்குப் பதிலாக நான் நின்றாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"நீர் கண்டீர் அல்லவா? என்ன கொடுத்தார்கள்?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன். பேசக்கூடாது என்று அவர்தானே சொன்னார்.

கம்பவுண்டரின் பென்சிலையும் ஒரு காகிதத்தையும் வாங்கி என் கையில் கொடுத்தார். 'வாய் அசைந்ததைத்தான் கண்டேன். என்ன என்று தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்திச்சி, பொய்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், அழகான கையெழுத்தில் எழுதினேன்.

டாக்டர் அதை வாசித்து மடித்துச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, "துப்பும்" என்றார். துப்பினேன். இரத்தம்.

நாற்பது நாளும் முதலிலிருந்து தொடங்கியது. புண் கிழிந்திருக்கிறது, குரல் வருமா என்பது ஆறின பிறகே தெரியும் என்றார். மைனி அன்று என்னைத் திட்டவும் இல்லை, கிள்ளவும் இல்லை. வெந்நீரில் துணியை நனைத்து என் கால் புழுதியைத் துடைத்தாள். ஓடின காலாக்கும், என்று மட்டும் சொன்னாள்.

நாகம்மை அப்போதும் என்னிடம் பேசவில்லை. நான்கு நாள் கழித்து மறுபடியும் ஆப்பரேஷனுக்குக் குறித்தார்கள். அன்று விடியற்காலையிலும் தம்பி வந்தார். அதே வாழையிலைப் பொதி. நாகம்மை பொதியை வாங்கினாள். மகள் பக்கம் ஓரடி வைத்தாள், நின்றாள். திரும்பி என் கட்டிலுக்கு வந்து பொதியை என் மடியில் வைத்தாள்.

"டீச்சரம்மா, இத நீங்க வச்சிருங்க. எனக்க கையில இருந்தா நான் குடுத்திருவேன், எனக்கு மனசு கேக்காது. மவ முழிச்சப்பொறவு தந்தாப் போதும். அம்மை அதுவரை பொறுத்துக்கிடுவா."

தங்கத்தை எடுத்துப் போனார்கள். இரண்டு மணி நேரம் மண்டைக்காட்டு அம்மனின் பிரசாதம் என் மடியில் கனத்துக் கிடந்தது. நாகம்மை என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மைனி கண்ணை அகல விரித்து, பொதியையும் சுவரில் இருந்த கர்த்தர் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவில் உபதேசியார் கட்டில் கட்டிலாக ஜெபித்துக்கொண்டு வந்து, "மடியில என்ன பொதி டீச்சர், நல்ல மணமா இருக்கே?" என்று கேட்டார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். ஆண்டவர் சுகம் தருவார் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பூசணிக்காய் அளவுக் கட்டியை எடுத்தார்கள். இன்னொரு பக்கத்துச் சூல்பை நன்றாக இருக்கிறது, பிள்ளை உண்டாகத் தடையில்லை என்றும் டாக்டர் சொன்னார். நாகம்மை அங்கேயே விழுந்து அழுதாள். மறுநாள், இனி தங்கம் விழுங்கலாம் என்று டாக்டர் சொன்னதும் நாகம்மை பொதியைப் பிரித்து அவளுக்கு ஒரு கிள்ளு கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். "தொண்டைக்குன்னு தனியா அங்க ஒண்ணும் கிடையாது. தொண்டையும் தலைக்குக் கீழதானே. நேந்துக்கிட்டேன்." நான் அதை வாங்கித் தின்றேனா இல்லையா என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் சபையில் இதை வாசிப்பவர்கள் உண்டு.

மூன்று வாரத்தில் அவர்கள் வண்டியேறினார்கள். நான் அப்போதும் ஊமை. கையை மட்டும் ஆட்டினேன்.

நாற்பது நாள் முடிந்து டாக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்து, "ஏதாகிலும் சொல்லும்" என்றபோது, "ஸ்தோத்திரம்" என்றேன். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரு நாணில் தழும்பு இறுகிவிட்டது. இதற்கு மேல் தேறாது என்றார். பாட்டு போயிற்று. அதை நினைத்து நான் அழுததுண்டு. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அழுகை வரும். மானேஜர் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்குத் தையலும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுக்க மாற்றினார். ஊசி வேலைக்கு இந்தக் குரல் போதும்.

ஒன்றரை வருஷம் கழிந்து ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் வில்வண்டி நின்றது. ஒரு பெண் இறங்கினாள். உடம்பு பூசி, முகம் சிவந்து, இடுப்பில் கையை ஊன்றி மெதுவாக நடந்து வந்தாள். தங்கம். வண்டியருகே கொளும்பு மேல்துண்டோடு ஒரு வாலிபன் நின்று கும்பிட்டான்.

அவள் வயிறு முன்னே தள்ளியிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். வராந்தாவில் உட்காரச் சொன்னேன். அம்மா சுகமா என்றேன். வெயில் அதிகம் என்றேன். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பு தொண்டை வரை வந்து நின்றது.

அவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "என்ன டீச்சர், கேக்க மாட்டியளா? உங்ககிட்ட சொல்லணும்னுதானே இத்தன தூரம் வந்தேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த உடைந்த குரலில்தான் கேட்டேன்.

"எத்தனை மாசம் மக்கா?"

"ஏழு டீச்சர்" என்றாள் அவள், வராந்தா முழுக்கக் கேட்கும்படி.